காட்டுப்பூ விதை எடுப்பது எப்படி: குமரி மாவட்டத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் பூ பூக்க வைப்பது பெரிய வேலை இல்லை. ஜூனில் இறங்கும் இடவப்பாதி மழை ஒன்று, அக்டோபரில் தொடங்கும் துலா மழை ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு தடவை வானமே தண்ணீர் விட்டுவிடுகிறது. விளை என்று நாம் சொல்லும் தோட்டத்தின் ஓரத்துத் தும்பையும் வேலியில் ஏறிய சங்குப்பூவும் யாரும் விதைத்து வந்தவை அல்ல. ஆனால் அந்தப் பூவிலிருந்து முளைக்கும் திறனுள்ள விதையை எடுத்து, காயவைத்து, அடுத்த வருஷம் வரை கெடாமல் வைப்பது தனி வேலை. இங்கே காற்றிலேயே ஈரம். காய் முற்றும் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டால் விதை செடியிலேயே பூசணம் பூத்துவிடும்.

அதனால் எல்லாக் கணக்கையும் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள்: காய் எந்த மாதம் முற்ற வேண்டும்? இந்த மாவட்டத்தில் அதற்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நம்பகமான காலம். துலா மழை ஓய்ந்திருக்கும். கோடை மழை தொடங்கியிருக்காது. விதைப்பு, பாத்தி, ஆள்கூலி எல்லாவற்றையும் அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

எதைப் பயிரிடுவது, எதைத் தொடக்கூடாது

ஒரே மாவட்டம் என்றாலும் ஆரல்வாய்மொழியும் குலசேகரமும் ஒன்றல்ல. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை குறைவு, காற்று அதிகம். அங்கே ஆவாரை, துத்தி, கிலுகிலுப்பை, விஷ்ணுகிரந்தி நன்றாக வரும். விதை காயவைக்கவும் அந்தக் கிழக்குப் பக்கமே வசதி. கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு பக்கம் தும்பை, சங்குப்பூ, காசித்தும்பை, முடக்கத்தான் எடுக்கலாம். கடற்கரை மணலில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு அடம்பு இருக்கிறது. மணலைப் பிடித்து நிறுத்தும் கொடி என்பதால் கடலோரத் தோட்டம் போடுகிறவர்கள் தேடுவார்கள்.

ரப்பர் கன்று வைத்து முதல் இரண்டு மூன்று வருஷம் வரிசைகளுக்கு இடையில் வெயில் விழும். அன்னாசிக்கும் வாழைக்கும் கொடுக்கும் அந்த இடத்தில் கொஞ்சத்தைப் பூவுக்கும் ஒதுக்கலாம். மரக்கிளைகள் கூடி நிழல் மூடிவிட்ட தோட்டத்தில் முயற்சி செய்யவே வேண்டாம்; செடி உயரும், காய் பிடிக்காது.

பரப்பக்கூடாதவையும் உண்டு. உண்ணிச்செடி, பார்த்தீனியம், மஞ்சள் பூப் பூத்துத் தரையை மூடிப் படரும் சிங்கப்பூர் டெய்சி ஆகியவற்றின் விதையையோ கொடியையோ யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பூ அழகுதான், ஆனால் நாட்டுச் செடிகளின் இடத்தை அவை பிடித்துக்கொள்ளும். நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. அதை வளர்த்து விற்கலாம், ‘நாட்டுக் காட்டுப்பூ’ என்று சீட்டு ஒட்டி விற்கக்கூடாது.

முதல் வருஷத்துக்குப் பத்து சென்ட் போதும். இனமும் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் முற்றும் விதம் வேறு என்பதால் ஆறு இனம் போட்டவர் ஜனவரியில் எந்தப் பாத்திக்கு ஓடுவது என்று தெரியாமல் நிற்பார். அந்த நேரத்தில் கும்பப்பூ நெல் அறுப்பும் சேர்ந்துகொள்ளும், ஆளும் கிடைக்காது.

தாய் விதை சேகரித்தல்

காட்டுப்பூ விதை கடையில் கிடைப்பது அரிது. முதல் கைப்பிடியை நீங்களே சேகரிக்க வேண்டும். உங்கள் நிலம், உறவினர் தோப்பு, ஏலா என்னும் நெல்வயலின் வரப்பு ஆகிய இடங்களில் உரியவரிடம் கேட்டு எடுங்கள். பேச்சிப்பாறைக்கு மேலேயும் கீரிப்பாறைப் பக்கமும் உள்ள காடுகள் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கிருந்து அனுமதியில்லாமல் எதையும் எடுக்க முடியாது, ஒரு காய் உட்பட.

குறைந்தது ஐம்பது செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நல்லது. கொழுத்து நிற்கும் நாலு செடியிலிருந்து ஒரு கிலோ எடுத்தால் உங்கள் பாத்தி முழுக்க அந்த நாலு செடியின் பிள்ளைகள்தான் இருக்கும். ஒரு நோய் வந்தால் மொத்தமும் போகும். குட்டை, நெட்டை, முன்னால் பூப்பது, பின்னால் பூப்பது எல்லாம் கலந்து வர வேண்டும். அந்த இடத்தில் முற்றியிருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மிச்சம் மண்ணுக்கும் எறும்புக்கும் பறவைக்கும்.

எடுத்த அன்றே சீட்டு எழுதுங்கள்: பெயர், ஊர், மண், மாதம், எத்தனை செடி. தும்பை என்ற பெயரில் நான்கைந்து செடிகள் திரிகின்றன. தாவரவியல் பெயரையும் சேர்த்து எழுதினால்தான் வாங்குகிறவருக்கும் உங்களுக்கும் தகராறு வராது. பெயரில் சந்தேகம் இருந்தால் திருப்பதிசாரத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு கிளையைப் பூவோடும் காயோடும் கொண்டுபோய்க் காட்டலாம்.

நிலமும் பாத்தியும்

உரம் கொட்டாதீர்கள். நெல்லுக்கும் வாழைக்கும் பழகிய கை இங்கே கொஞ்சம் அடங்க வேண்டும். சத்து கூடினால் இலை கொழுக்கும், தண்டு சாயும், பூ தள்ளிப்போகும். காய் முற்றுவது ஏப்ரல் மழையில் போய் விழும். பழைய பயிரின் மிச்சச் சத்தே தும்பைக்குப் போதும். மெலிந்த செம்மண்ணாக இருந்தால் நன்றாக மக்கிய தொழுவுரத்தை மெல்லத் தூவினால் சரி.

பாத்தியை மூன்றடி அகலத்தில் மேட்டுப் பாத்தியாக எடுங்கள், இரண்டு பக்கமும் வாய்க்கால் விடுங்கள். அக்டோபர், நவம்பரில் ஒரே இரவில் கொட்டும் மழையில் தட்டைப் பாத்தியில் உள்ள சிறு நாற்று அழுகிவிடும்.

களை எடுப்பது இதில் பெரிய தலைவலி, ஏனென்றால் நீங்கள் வளர்ப்பதே ஊருக்குக் களை. கூலிக்கு வந்தவர் கோரையோடு தும்பையையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனால் அவரைக் குறை சொல்ல முடியாது. இதற்கு விதைப்புக்கு முன்பே வழி செய்ய வேண்டும். செப்டம்பரில் பாத்தியைத் தயார் செய்து தண்ணீர் விட்டு, முளைக்கிற களையை எல்லாம் முளைக்க விடுங்கள். விரலளவு வந்ததும் மேலாகச் செதுக்கி எடுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் கிடக்கும் விதைகள் மேலே வந்துவிடும். இப்படி இரண்டு தடவை செய்தால் பாதிப் பாரம் குறையும். விதைப்பதையும் வீசி விதைக்காமல் கயிறு பிடித்து வரிசையாக விதையுங்கள். வரிசைக்கு வெளியே வருவதெல்லாம் களை என்று யாருக்கும் சொல்லிவிடலாம்.

கையில் காசு இருந்தால் கறுப்புக் களைத்தடுப்புப் பாய் விரித்து, துளை போட்டு, நாற்றை நடலாம். உதிரும் விதை பாயின்மேல் விழும், துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடலாம். பாய்க்குப் போட்ட காசை அறுவடையில் மீட்டுத் தருவது இதுதான்.

விதைப்பு

ஆவாரை, சங்குப்பூ, அடம்பு, துத்தி ஆகியவற்றுக்குத் தோல் கெட்டி. அப்படியே போட்டால் ஒன்று இன்றைக்கு முளைக்கும், இன்னொன்று அடுத்த மழைக்கு முளைக்கும். காட்டில் அது செடிக்கு நல்லது. பாத்தியில் நமக்கு நஷ்டம். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சில நிமிஷம் ஆறவிட்டு, ஏறக்குறைய 80 டிகிரி சூட்டில் விதைமேல் ஊற்றி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் ஊதிப் பருத்திருப்பதை விதையுங்கள். பருக்காததை மட்டும் உப்புத்தாளில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து மறுபடி ஊறவையுங்கள். அடம்பு விதைக்கு உப்புத்தாளே நல்லது.

தும்பை, விஷ்ணுகிரந்தி போன்ற சிறு விதைகளை நான்கு மடங்கு உலர்ந்த ஆற்றுமணலோடு கலந்து வரிசையில் தூவி, உள்ளங்கையால் அமுக்கிவிட்டால் போதும். மண்ணைப் போட்டு மூடக்கூடாது. எறும்பு இழுக்காமல் பாத்தி ஓரத்தில் சாம்பல் கோடு போடுங்கள், மழை கழுவினால் திரும்பப் போடுங்கள்.

நாள் கணக்கு இது: தும்பையும் சங்குப்பூவும் விதைத்ததிலிருந்து விதை எடுக்க மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அக்டோபர் முதல் பாதியில் விதைத்தால் ஜனவரி கடைசியில் காய் கையில் இருக்கும். மேற்குப் பக்கம் மழை அதிகம் என்றால் நாற்றைத் தட்டில் வளர்த்து நவம்பர் நடுவில் நடலாம். ஆவாரை புதர்ச்செடி; ஜூன் மழைக்கே நட்டுவிடுங்கள், மூன்று நாலடி இடைவெளியில். அதன் உண்மையான மகசூல் இரண்டாம் வருஷத்திலிருந்துதான்.

பூத்திருக்கும் காலம்

பூச்சி மருந்து அடிக்கக்கூடாது. காய் பிடிப்பது பூச்சியால்தான். ஆவாரம்பூவின் மகரந்தப்பையில் நுனியில் மட்டும் சிறு துளை இருக்கும். தேனீ வந்து சுரண்டினால் ஒன்றும் கொட்டாது. கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத்தேனீ பூவைக் கட்டிப் பிடித்து ரீங்காரத்தோடு உடம்பை அதிரவிட்டால்தான் மகரந்தம் தெறிக்கும். அது கூடு வைப்பது பட்ட மரத்திலும் காய்ந்த மூங்கிலிலும். ஆவாரைப் பாத்திக்குப் பக்கத்தில் பழைய மூங்கில் கட்டு ஒன்றைச் சாய்த்து வைத்தால் அதுவே போதுமான உதவி.

மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீக்காரர்களிடம் பேசி வையுங்கள். ரப்பர் துளிர்விடும் மாதங்களில் அவர்களுக்குத் தேன் கொட்டும். மழைக்காலத்தில் பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றிக்கொண்டிருப்பார்கள். துலா மழை முடிந்த பிறகு பூக்கும் தும்பைப் பாத்தி அவர்களுக்கும் லாபம், உங்களுக்கும் லாபம்.

சங்குப்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடித்துவிடும். ஆனாலும் வெள்ளையும் நீலமும் கலக்காமல் இருக்க வேண்டுமானால் இரண்டையும் நிலத்தின் வேறு வேறு மூலையில் வையுங்கள். வீட்டுத் தோட்டத்து அடுக்குப்பூ வகையை இந்தப் பாத்திக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

முதல் காய் நிறம் மாறத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். செடி வாடுகிறதே என்று மனசு கேட்காமல் தண்ணீர் விடுகிறவர்கள் உண்டு. விட்டால் அது மறுபடி துளிர்த்துப் பூக்கும், முற்றல் தள்ளிப்போகும்.

அறுவடை

நெல்லைப்போல ஒரே நாளில் அரிவாள் வைத்துவிட முடியாது. ஒரே செடியில் மொட்டு, பூ, பச்சைக்காய், முற்றிய காய் எல்லாம் சேர்ந்திருக்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பாத்தியைச் சுற்றி வந்து, முற்றியதை மட்டும் எடுக்க வேண்டும். முதல் சுற்றில் எடுத்ததையும் கடைசிச் சுற்றில் எடுத்ததையும் இறுதியில் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். முந்தி முற்றுவதை மட்டும் வருஷா வருஷம் எடுத்துக்கொண்டே போனால் சில தலைமுறையில் செடியின் காட்டுக் குணம் போய்விடும்.

*தும்பை.* தண்டைச் சுற்றி உருண்டையாகக் கட்டியிருக்கும் பூக்கொத்தில் வெள்ளை இதழ்கள் உதிர்ந்து, பச்சைக் கிண்ணங்கள் மட்டும் நிற்கும். அவை வைக்கோல் நிறத்துக்கு மாறும்வரை காத்திருங்கள். பிறகு ஒரு கொத்தைக் கிள்ளி, கிண்ணத்தின் வாய் கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் தட்டுங்கள். ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் நாலு விதை விழும். ஒரு பக்கம் உருண்டு, மறுபக்கம் கோணமாக, பழுப்பு நிறத்தில் வழவழப்பாக இருக்கும். வெளிறிய பச்சையாக விழுந்தால் இன்னும் நாளாகவில்லை. பாத்தியில் பாதிக் கொத்துகள் நிறம் மாறியதும் வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகு செடியைச் சாய்த்துப் பிடித்து, அடியில் கடவப்பெட்டியை வைத்துத் தட்டிக்கொண்டே போகலாம். செடி அப்படியே நிற்கட்டும், அடுத்த சுற்றுக்கு மீண்டும் கொடுக்கும்.

*சங்குப்பூ, காசித்தும்பை.* இவை வெடிக்கிற ஜாதி, ஆகவே நேர்மாறாகச் செய்ய வேண்டும்: பனி ஈரம் இருக்கும் விடியற்காலையில் பறிக்க வேண்டும். வெயில் ஏறினால் சங்குப்பூக் காய் முறுக்கிக்கொண்டு இரண்டாகப் பிளந்து விதையைத் தூர எறிந்துவிடும். காய் மஞ்சள் கலந்த பழுப்பாகி, உள்ளே விதைகள் புடைத்துத் தெரியும்போது காம்போடு கிள்ளுங்கள். காசித்தும்பையில் காய் வெளிறிப் பருத்திருக்கும், தொட்டால் சுருண்டுவிடும். கையை முழுதாக மூடிக்கொண்டுதான் பறிக்க வேண்டும். அல்லது சிறு வலைத்துணிப் பையைக் கிளையோடு கட்டிவிடலாம். பறித்ததைத் திறந்த முறத்தில் போட்டால் மத்தியானத்துக்குள் திண்ணையெல்லாம் விதை தெறித்துக் கிடக்கும்; மேலே பழைய கொசுவலையைப் போட்டு மூடுங்கள்.

*கிலுகிலுப்பை.* காயைக் குலுக்கினால் சத்தம் வர வேண்டும். விதை காம்பைவிட்டு விடுபட்டதற்கு அதுதான் அறிகுறி. அவசரமில்லை, காய் செடியிலேயே சில நாள் நிற்கும். பக்கவாட்டில் துளை இருக்கிற காயைத் தனியே எடுத்துவிடுங்கள், உள்ளே புழு விதையைத் தின்று முடித்திருக்கும். இந்தச் செடியைத் தேடி நீல வரியன் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக வரும், வண்ணத்துப்பூச்சித் தோட்டம் வைப்பவர்கள் இதைக் கேட்பது அதனால்தான். மாட்டுக்கு நஞ்சு. தட்டையைத் தொழுவத்துப் பக்கம் போடாதீர்கள். விதையும் தானியத்தோடு கலந்துவிடக்கூடாது.

*ஆவாரை, துத்தி, முடக்கத்தான்.* மூன்றும் பொறுமையானவை. ஆவாரைக் காய் தட்டையாகக் காய்ந்து காகிதம்போலச் சலசலக்கும்போது பறித்தால் போதும். முடக்கத்தானின் ஊதிய காய் பழுப்பானதும் எடுத்து உடையுங்கள். கறுப்பு விதையில் வெள்ளை இதய அடையாளம் தெளிவாகத் தெரிந்தால் முற்றிவிட்டது. துத்தியில் சுணை இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

செங்காந்தள்: தனியாக ஒரு பேச்சு

தமிழ்நாட்டின் மாநில மலர் இது. நம்மூரில் கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்றெல்லாம் சொல்வோம். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே ஏக்கர் கணக்கில் பயிராகிறது. விதையிலிருந்து மருந்துத் தொழிலுக்குக் கோல்சிசின் என்ற வேதிப்பொருளை எடுக்கிறார்கள். குமரியில் வடிகால் நன்றாக இருக்கும் கிழக்குப் பக்கச் செம்மண்ணில் முயலலாம். களிமண்ணிலும் தண்ணீர் நிற்கும் இடத்திலும் கிழங்கு அழுகும்.

நடுவது கிழங்கை. முளை அதன் நுனியில்தான் இருக்கும், ஒடிந்தால் வராது. ஜூலை, ஆகஸ்டில் நட்டால் ஐந்தாறு மாதத்தில், ஜனவரி, பிப்ரவரியில் காய் முற்றும். நம் கணக்குக்கு அது சரியாகப் பொருந்துகிறது. கொடி ஏறக் கம்பியும் குச்சியும் வேண்டும். பூவில் சூல்தண்டு மகரந்தத்தைவிட்டுப் பக்கவாட்டில் மடங்கி விலகி நிற்பதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலையில் ஒரு பூவின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் தொட்டு வேறு கொடியின் பூவில் தடவிவிட வேண்டும். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் அது வீண் வேலை. காயின் தோல் கரும்பச்சையாகிச் சுருங்கத் தொடங்கும்போது பறித்து நிழலில் பரப்பினால் ஒரு வாரம், பத்து நாளில் வெடித்து, ஆரஞ்சு நிற விதை வெளியே வரும்.

கிழங்கு, இலை, விதை எல்லாமே கொடிய நஞ்சு. உரிக்கும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். அதற்கென்று தனிச் சுளகு, தனி டப்பா வைத்து, பூட்டிய அறையில் வையுங்கள். சிறுபிள்ளைகளும் ஆடுமாடுகளும் நடமாடும் விளை என்றால் இந்தப் பயிரே வேண்டாம் என்பது என் கருத்து. தப்பித்தவறி யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

காயவைத்தல், தூற்றுதல்

பறித்த அன்றே பரப்பிவிட வேண்டும். சாக்கில் கட்டி ஒரு ராத்திரி வைத்தாலும் உள்ளே சூடேறும். தார்ப்பாயும் சிமெண்டுத் தளமும் ஆகாது: ஒன்று அடியில் வியர்க்கும், மற்றது மத்தியானத்தில் விதையைச் சுட்டுவிடும். கயிற்றுக் கட்டிலின்மேல் பழைய வேட்டியை விரித்து, காற்றோட்டமான திண்ணையில் மெல்லிசாகப் பரப்புவதுதான் சரி. காலை வெயில் கொஞ்சம் படலாம். சாயங்காலம் ஆனதும் கட்டாயம் உள்ளே எடுங்கள், ராத்திரிப் பனி பகலில் காய்ந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், அந்தச் சூட்டில் ஷீட் உலரும், விதை செத்துவிடும்.

காய்ந்ததைக் கட்டையால் மெல்லத் தட்டி, சல்லடையில் சலித்து, சுளகில் புடைத்தெடுங்கள். தும்பை விதை கனம் குறைவு என்பதால் ஆரல்வாய்மொழிக் காற்றில் தூற்றினால் பதரோடு விதையும் போகும். அறைக்குள் மேசை விசிறியை மெதுவாக ஓடவிட்டு, தூரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினால் கனமான விதை கிட்டே விழும், பதர் தள்ளி விழும்.

ஈரம் பார்க்க ஒரு எளிய வழி: நன்றாக உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் விதையும், வறுத்து ஆறவைத்த உப்பும் போட்டுக் குலுக்கி, கால்மணி நேரம் விடுங்கள். உப்பு பாட்டிலின் ஓரத்தில் ஒட்டினால் விதையில் இன்னும் நிறைய ஈரம். ஒட்டாவிட்டாலும் குமரியின் காற்றுக்கு அது மட்டும் போதாது. இங்கே திறந்த வெளியில் ஓரளவுக்கு மேல் விதை காயவே காயாது. விதையின் எடைக்குச் சமமாக, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லைத் துணியில் முடிந்து, காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் கூடவே வையுங்கள். சிலிகா ஜெல் இல்லையென்றால் இரும்புச் சட்டியில் வறுத்து, சூடு ஆறியதும் போட்ட அரிசியும் அதே வேலையைச் செய்யும்.

சேமிப்பும் விற்பனையும்

விதையின் ஈரத்தில் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வைக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலும் அதே கணக்கு. அதனால் முதலில் நன்றாக உலர்த்தி, பிறகு ரப்பர் வாஷர் உள்ள கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உலராத விதையை ஃபிரிட்ஜில் வைப்பது வீண். ஆவாரையிலும் சங்குப்பூவிலும் வண்டு உள்ளேயே முட்டையிட்டிருக்கும். நன்கு உலர்ந்த விதையை ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் உள்ளே இருக்கும் வண்டும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பாட்டிலைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் விதைமேல் நீர் கோக்கும்.

விற்பதற்கு முன் நூறு விதையை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி முளைப்புப் பாருங்கள். செங்காந்தள் விதை புதிதாக எடுத்ததும் முளைக்காது; அதற்கு உறக்கக் காலம் உண்டு. மற்ற இனங்களில் முளைக்காததைப் பிளந்து பாருங்கள், உள்ளே வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, கூழாக இருந்தால் இல்லை.

வாங்குபவர்கள் நாற்றங்கால்காரர்கள், பள்ளித் தோட்டம், வண்ணத்துப்பூச்சித் தோட்டம் போடுகிறவர்கள், நாட்டு மருந்துக் கடைகள். தோவாளைச் சந்தை பூவுக்குத்தான், விதைக்கு அல்ல. ஆனால் ஓணத்துக்குத் தும்பைப்பூ கேட்டு வருகிறவர்களிடம் விதைப் பாக்கெட்டும் நகரும். பாக்கெட் போட்டுத் தொழிலாக விற்கத் தொடங்குமுன், 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் உங்களுக்கு உரிமம் வேண்டுமா என்று வேளாண் துறையின் விதை ஆய்வாளரிடம் கேட்டுவிடுங்கள். பாக்கெட்டில் பெயர், எடுத்த ஊர், மாதம், முளைப்புச் சதவீதம் நான்கும் இருக்கட்டும். கிலுகிலுப்பைக்கும் செங்காந்தளுக்கும் ‘நஞ்சு’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

மார்ச் கடைசியில் பாத்தியில் எப்படியும் கொஞ்சம் விதை உதிர்ந்து கிடக்கும். அடுத்த வருஷமும் அதே பாத்தியில் அதே இனம் என்றால் தட்டையை மட்டும் அறுத்துவிட்டு மண்ணைத் தொடாதீர்கள். இனம் மாற்றப்போகிறீர்கள் என்றால் ஏப்ரலில் தண்ணீர் விட்டு முளைக்கவைத்துச் செதுக்கிவிடுங்கள். இதை இடவப்பாதி மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மழை இறங்கிய பிறகு எது எந்தப் பாத்தி என்று பிரிக்க முடியாது.